லண்டன் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்: ஒரு சனிக்கிழமை தெருவுக்குக் கீழே போவோம்

அன்புள்ள நிர்வாகிகள், ஆசிரியர்கள், பெற்றோர் எல்லோருக்கும்,

வணக்கம். கோடை நெருங்கினால் நமது பாடசாலைகளில் ஒரே கேள்விதான்: இந்த வருடம் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? ஒருவர் கேளிக்கைப் பூங்கா என்பார், இன்னொருவர் கடற்கரை என்பார். கடைசியில் கோச் காசு எதற்குக் கட்டுப்படியாகிறதோ அங்கே போய், கட்லெட்டும் புளிச்சாதமும் சாப்பிட்டுவிட்டு வருவோம். அதை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை, பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டும். நான் கேட்பது கூடுதலாக ஒரே ஒரு சனிக்கிழமை. கோச் தேவையில்லை, பெரிய நுழைவுச்சீட்டும் தேவையில்லை. நிலக்கீழ் ரயிலில் டவர் ஹில் வந்து இறங்கினால் போதும். வங்கிகளும் கண்ணாடிக் கோபுரங்களும் நெருக்கியடித்து நிற்கிற பழைய லண்டன் சிற்றியின் தெருக்களுக்குக் கீழே ரோமர்களின் லொண்டினியம் கிடக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தமிழில் காட்டுங்கள்.

"ரோமரைப் பற்றித்தான் அவர்கள் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறார்களே" என்று சிலர் சொல்வீர்கள். உண்மை. 7 வயதுக்கும் 11 வயதுக்கும் இடையில் இங்கிலாந்துப் பாடத்திட்டத்தில் ரோமர் கட்டாயம் வருவார்கள். அட்டையில் கேடயம் வெட்டி, படுக்கை விரிப்பைத் தோளில் சுற்றிக்கொண்டு போன பிள்ளை இல்லாத வீடு நம்மில் குறைவு. ஆனால் அந்தப் பிள்ளையிடம் "அம்மம்மாவுக்குச் சொல்லு பார்ப்போம், ரோமர் வீட்டை எப்படிச் சூடாக்கினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாம் தெரியும், தமிழில் ஒரு வசனம் வராது. நாம் கொடுக்கிற தமிழில் மாம்பழமும் பொங்கலும் திருக்குறளும் இருக்கின்றன. அவர்கள் உண்மையிலேயே அறிந்து வைத்திருக்கிற விடயங்களைச் சொல்வதற்கான தமிழ் அதில் இல்லை. பிள்ளைக்குத் தெரிந்த ஒன்றை எடுத்து, அதைத் தமிழில் சொல்ல வைத்தால் மொழி தானாக வரும். அதற்கு இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு பிள்ளை கேட்கப் போகிற கேள்வி: ஏன் எல்லாம் கீழே இருக்கிறது? நகரம் புதைந்து போகவில்லை, நிலம்தான் உயர்ந்தது. கி.பி. 43இல் கிளாடியஸ் பேரரசரின் படைகள் பிரித்தானியாவுக்குள் நுழைந்தன. சில வருடங்களில் தேம்ஸ் கரையில் ஒரு வணிகப் பட்டினம் எழுந்தது. கி.பி. 60 அல்லது 61இல், ரோமர்களால் சாட்டையடி வாங்கிய, இசேனி என்ற இனக்குழுவின் அரசி பூடிக்கா தன் மக்களைத் திரட்டிக்கொண்டு வந்து அதை எரித்துத் தள்ளினாள். மண்சுவர்கள் வெந்து சிவந்து விழுந்த அந்தப் படலம் இன்றும் சிற்றியின் அடியில் பல இடங்களில் அகழ்பவர்களின் கையில் தட்டுப்படுகிறது. இடிந்ததை அப்புறப்படுத்தாமல் மட்டப்படுத்தி அதன் மேலேயே கட்டினார்கள். ரோமர் போனபின் நகரம் நெடுங்காலம் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு சக்சன்கள், நோர்மன்கள், 1666 பெருந்தீ, 1940இன் குண்டுகள் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு படலத்தைப் போட்டுவிட்டுப் போயிற்று. அதனால்தான் ரோமர் நடந்த தரை நம் காலுக்கு ஆறு, ஏழு மீட்டர் கீழே இருக்கிறது.

டவர் ஹில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மதில் நிற்கும். கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் கட்டியது. நகரைச் சுற்றி ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஓடியது. கென்ட் பகுதியிலிருந்து சாம்பல் நிறக் கரடுகல்லைப் படகில் ஏற்றி மெட்வே ஆறு வழியாகக் கொண்டு வந்தார்கள். அப்படிக் கல்லோடு மூழ்கிய படகு ஒன்று 1962இல் பிளாக்ஃப்ரையர்ஸ் அருகே ஆற்றுச் சேற்றில் கிடைத்தது. மதிலுக்கு முன்னால் டிரேஜன் பேரரசரின் சிலை ஒன்று உண்டு. எல்லோரும் அதோடுதான் படம் எடுப்பார்கள். அது பின்னாளில் வார்த்தது, விட்டுவிடுங்கள். பிள்ளைகளை மதிலுக்குக் கிட்டக் கூட்டிப் போங்கள். கற்களுக்கு இடையிடையே தட்டையான சிவப்பு ஓடுகள் வரிவரியாகப் போவது தெரியும். அந்த வரி இருக்கும் வரைக்கும் ரோமர் கட்டியது. சுமார் நாலு மீட்டருக்கு மேல் அது நின்றுவிடும். அதற்கு மேலே உள்ளது நடுக்காலத்தவர் ஏற்றியது. ஒரு தரம் காட்டிக் கொடுத்தால் போதும், அதற்குப் பிறகு நகரத்தில் எங்கே மதில் துண்டு தெரிந்தாலும் பிள்ளைகளே "இது ரோமர், இது பிந்தினது" என்று பிரித்துச் சொல்வார்கள். லண்டன் வோல் வீதியின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே ஒரு துண்டு மதில் நிற்கிறது. வைன் ஸ்ட்ரீட்டில் மாணவர் விடுதி ஒன்றின் அடியில் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொன்று, 2023இல் திறந்தது, இலவசம்.

அங்கிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் லோவர் தேம்ஸ் ஸ்ட்ரீட்டில் பில்லிங்ஸ்கேட் குளியல் வீடு. 1848இல் நிலக்கரிச் சந்தைக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டும்போது வெளிப்பட்டது. இன்றைக்கு ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் நினைக்கமாட்டார்கள். வருடத்தின் கோடைப் பாதியில் சனிக்கிழமைகளில் வழிகாட்டியோடு கூட்டிக் காட்டுகிறார்கள், சிறு கட்டணம் உண்டு. மேலே சொன்ன அம்மம்மா கேள்விக்கு விடை இங்கேதான். சதுர ஓடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் குட்டித் தூண்கள் எழுப்பி, அந்தத் தூண்களின் மேல் தரையைப் போட்டிருக்கிறார்கள். வெளியே அடுப்பு எரிய, சூடான காற்றும் புகையும் தரைக்கடியில் புகுந்து சுவர் வழியாக மேலே போகும். தூண்கள் இன்றும் அப்படியே வரிசையாக நிற்கின்றன. இந்த வீடு கைவிடப்பட்டு, கூரை சரிந்து விழுந்த பிறகு, அந்த இடிபாட்டுக்கு மேலே யாரோ ஒரு சக்சன் பெண் நடந்திருக்கிறாள். அவளுடைய உடுப்பில் குத்தியிருந்த ஊசிப் பதக்கம் உடைந்த ஓடுகளுக்கு நடுவே கிடைத்தது. என்ன தேடி அங்கே வந்தாள்? பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கட்டுரைத் தலைப்பு கிடைக்காது. "எனது பொழுதுபோக்கு" என்று எத்தனை வருடம்தான் எழுத வைப்பது?

லெடன்ஹோல் சந்தையில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் நின்று சொல்ல வேண்டிய இடம் அது. அல்ப்ஸ் மலைக்கு வடக்கே ரோமர் கட்டிய மிகப் பெரிய பொதுமண்டபம் அந்தச் சந்தைக்குக் கீழேதான் இருந்தது. அதன் ஒரு தூண் அடி ஒரு சலூனின் அடித்தளத்தில் இருக்கிறது. முடி வெட்டப் போகிறவர்கள் கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் முந்திய, நகரத்தின் முதலாவது பொதுமண்டபத்தின் அத்திவாரம் பக்கத்திலேயே, கிரேஸ்சேர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய அலுவலகத்தின் அடியில் கிடைத்ததாக 2025 பெப்ரவரியில் அறிவித்தார்கள். கி.பி. 80ஐ ஒட்டியது. புதிய கோபுரம் எழும்பும்போது அதை மக்கள் பார்க்கும்படி வைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி நான் முக்கியமாக எழுத வந்த இடம்: வோல்புரூக்.

குண்டு விழுந்து வெறுமையாகக் கிடந்த அந்த நிலத்தில் 1954இல் கிறைம்ஸ் என்ற தொல்லியலாளர் ஒரு ரோமர் காலக் கோயிலை அகழ்ந்துகொண்டிருந்தார். முடிக்க வேண்டிய கடைசி நாளில் மித்ராஸ் என்ற தெய்வத்தின் பளிங்குத் தலை வெளியே வந்தது. செய்தி பரவ, இரண்டு வாரங்களில் ஏறக்குறைய நாலு லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். அமைச்சரவை வரை கதைக்கப்பட்டது. ஆனாலும் கட்டடம் எழும்பத்தான் செய்தது. கோயிலைப் பெயர்த்து, 1962இல் கொஞ்சம் தள்ளி ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கூரை மேல், வேண்டிய மாதிரி சீமெந்து பூசி நிறுத்தினார்கள். நல்ல வேலை அல்ல. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ப்ளூம்பேர்க் நிறுவனம் அந்த நிலத்தில் தன் ஐரோப்பியத் தலைமையகத்தைக் கட்டும்போது, கோயிலைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, தெருவிலிருந்து ஏழு மீட்டர் கீழே வைத்து 2017இல் திறந்தது. இலவசம், முன்பதிவு செய்துகொள்வது நல்லது. கீழே இருட்டு, புகைமூட்டம், லத்தீன் முணுமுணுப்பு என்று ஒரு காட்சி நடக்கும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எனக்கு அது கொஞ்சம் கூடிப்போனதாகத் தோன்றும். சிறியவர்கள் பயந்தால் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

காட்சியை முடித்துக்கொண்டு மேலே வந்ததும் வெளியே போய்விடாதீர்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பொருட்கள் இருக்கும் கண்ணாடிப் பேழைக்கு வாருங்கள். வோல்புரூக் என்பது புதைந்து போன ஓர் ஓடை. அதன் ஈரச் சேற்றுக்குள் காற்றுப் புகாததால், வேறெங்கும் உக்கிப் போயிருக்க வேண்டிய மரமும் தோலும் அங்கே தப்பிவிட்டன. 2010க்கும் 2014க்கும் இடையில் அகழ்ந்தபோது 405 மர எழுத்துப் பலகைகள் கிடைத்தன. பலகையில் பள்ளம் தோண்டி, கறுத்த மெழுகு ஊற்றி, இரும்பு எழுத்தாணியால் எழுதுவார்கள். மெழுகு எப்போதோ போய்விட்டது. ஆனால் எழுதியவர் அழுத்தி எழுதிய இடங்களில் ஆணி மரத்திலும் கீறியிருக்கிறது. அந்தக் கீறல்களைப் பல கோணங்களில் வெளிச்சம் போட்டுப் படம் எடுத்து, அறிஞர் ரோஜர் டொம்லின் அவற்றில் 80க்கும் மேற்பட்டவற்றைப் படித்தார்.

என்ன எழுதியிருக்கிறது? பேரரசர் புகழ் இல்லை. கி.பி. 57 ஜனவரி 8ஆம் திகதி போட்ட ஒரு பலகை: வெனுஸ்டஸிடமிருந்து விடுதலை பெற்ற திபுல்லஸ் என்பவன், ஸ்பூரியஸிடமிருந்து விடுதலை பெற்ற கிராட்டஸுக்கு, வாங்கிய சரக்குக்காக 105 தெனாரியஸ் (ரோமரின் வெள்ளிக் காசு) தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். இருவரும் ஒரு காலத்தில் அடிமைகள். பிரித்தானியாவில் திகதியோடு கிடைத்த மிகப் பழைய எழுத்து, ஒரு கடன் சீட்டு! கி.பி. 62 ஒக்டோபரில் இன்னொன்று: வெருலேமியத்திலிருந்து, அதாவது இன்றைய செயின்ட் அல்பன்ஸிலிருந்து, லண்டனுக்கு இருபது சுமை உணவுப் பொருள் கொண்டுவர ஒப்பந்தம். இரண்டு ஊரையும் பூடிக்கா எரித்து ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும். சாம்பலுக்கு மேலேயே வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பலகையில் ஒருவர் நண்பருக்குப் புத்தி சொல்கிறார்: நீ அவர்களுக்குக் கடன் கொடுத்ததாகச் சந்தை முழுக்கப் பெருமையடித்துத் திரிகிறார்கள், உன் நன்மைக்காகச் சொல்கிறேன், மரியாதையைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிற மாதிரி. சீட்டுக் காசில் மனம் முறிந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிற நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

அப்புறம், நமது ஆசிரியர்கள் தேடிப் பார்க்க வேண்டியது ஒன்று. அந்தப் பலகைகளில் ஒன்றில் வெறும் எழுத்துவரிசை மட்டும் இருக்கிறது, லத்தீன் அரிச்சுவடி. யாரோ எழுதிப் பழகியது, அல்லது எழுதிக் காட்டியது. பிரித்தானியாவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்ததற்கான முதல் தடயமாக இருக்கலாம் என்கிறார்கள். தேம்ஸுக்கு அக்கரையில், சதர்க்கில், அண்மையில் ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒட்டிச் சேர்த்த சுவரோவியங்கள் வெளிவந்தன. அவற்றிலும் ஒரு சுவரில் கிரேக்க எழுத்துவரிசையை யாரோ கீறி வைத்திருக்கிறார். லத்தீன் பேசும் ஆட்சியில், கெல்ட்டிக் பேசும் நாட்டில், கிரேக்க எழுத்து. சனிக்கிழமை காலையில் தூக்கக் கலக்கத்தோடு அ, ஆ எழுதும் நமது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்கம் சொல்ல வேண்டாம், அவர்களுக்கே விளங்கும்.

நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். இதைப் பெருமைச் சுற்றுலா ஆக்கிவிடாதீர்கள், ரோமர் பெருமையாக இருந்தாலும் சரி, நம் பெருமையாக இருந்தாலும் சரி. வோல்புரூக்குக்குப் பக்கத்தில், பௌல்ட்ரி வீதியில் கிடைத்த வேறொரு பலகையில் ஃபோர்ட்டுனாட்டா என்ற பெண்ணை 600 தெனாரியஸுக்கு விற்றதன் பத்திரம் இருக்கிறது. இன்றைய பிரான்சிலுள்ள ஓர் இனக்குழுவைச் சேர்ந்தவள். வாங்கியவனும் ஓர் அடிமை. பேரரசரின் அடிமைக்கு உதவியாளனாக இருந்த அடிமை. மேலே கல்லும் மண்டபமும், கீழே இது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள். தாங்குவார்கள்.

நம் பக்கத்துப் பெருமைக்கு வருவோம். "ரோமருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு பெற்றோர் கேட்டால், உடனே இன்னொருவர் "ரோமாபுரியே தமிழன் மிளகில்தான் வாழ்ந்தது" என்று தொடங்குவார். இரண்டும் வேண்டாம். உறுதியாகச் சொல்லக்கூடியது போதுமான அளவு இருக்கிறது. முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலங்களை அகநானூறு பேசுகிறது. இந்த நாட்டின் வடக்கே, வின்டோலாண்டா படைக்கோட்டையில் கிடைத்த ஒரு மெல்லிய மரப் பலகைக் கணக்கில், காம்பாக்ஸ் என்ற ஒருவன் பேருக்கு நேரே "மிளகு, 2 தெனாரியஸ்" என்று எழுதியிருக்கிறது. குளிரில் காவல் நின்றவன் சாப்பாட்டில் நம் கரையோர மிளகு. 1992இல் ஹொக்ஸ்ன் என்ற ஊரில் கிடைத்த புதையலில், ஒரு பெருமாட்டியின் உருவத்தில் செய்த வெள்ளி மிளகுச் சிமிழ் இருந்தது. அதை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். பிரித்தானியாவுக்குப் படை அனுப்பிய அதே கிளாடியஸின் அவைக்கு இலங்கையிலிருந்து தூதர்கள் போனார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவையும் சொன்னால் போதும். அதற்கு மேல் ஊதிப் பெருக்கினால், வீட்டுக்குப் போய்க் கூகிளில் தட்டிப் பார்க்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அடுத்த வாரம் நீங்கள் சொல்வது எதையும் நம்பாது.

நாளின் கடைசியில் சிற்றியின் பழைய நகர மண்டபமான கில்ட்ஹோல். முற்றத்துத் தரையில் கறுத்த கல்லால் ஒரு பெரிய வளைகோடு போட்டிருக்கும். பிள்ளைகளை அதன் மேல் நடக்க விடுங்கள், நாள் முழுக்க அடக்கி வைத்த ஓட்டத்தையும் அதிலேயே ஓடித் தீர்க்கட்டும். அந்தக் கோடுதான் கீழே இருக்கும் ரோம விளையாட்டரங்கின் எல்லை. ஏழாயிரம் பேர் வரை உட்கார்ந்திருக்கலாம். 1988இல் கில்ட்ஹோல் ஓவியக்கூடத்துக்கு அத்திவாரம் வெட்டும்போதுதான் கண்டுபிடித்தார்கள், அதுவரை எங்கே இருந்தது என்றே தெரியாது. ஓவியக்கூடத்துக்குள் போய்ப் படியிறங்கினால் கிழக்கு வாசலின் சுவர்களும், மழைத்தண்ணீர் ஓட வைத்திருந்த மரக் கால்வாயும் இருக்கின்றன. இதுவும் இலவசம்.

நடைமுறை விடயங்களில் சில. முழுப் பாதையையும் ஒரே நாளில் செய்ய எண்ணாதீர்கள். சிறிய வகுப்புகளுக்கு டவர் ஹில் மதிலும் கில்ட்ஹோலும் போதும், பெரிய வகுப்புகளுக்கு வோல்புரூக்கையும் பில்லிங்ஸ்கேட்டையும் சேருங்கள். வார இறுதியில் சிற்றியில் பல கடைகள் பூட்டிக் கிடக்கும், சாப்பாட்டைக் கையோடு கொண்டுவருவதுதான் நல்லது (கட்லெட்டுக்கு மறுப்பில்லை). திறக்கும் நேரங்கள் மாறும், போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. முடிந்தால் பேத்தியோடு அம்மம்மாவும் வரட்டும், அப்பப்பாவும் வரட்டும். அந்தந்த இடங்களில் வைத்திருக்கும் ஆங்கில விளக்கப் பலகைகளைப் பிள்ளை வாசித்து அவர்களுக்குத் தமிழில் சொல்லட்டும். தடுமாறும்போது மட்டும் ஆசிரியர் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் போதும். திரும்பி வந்தபின் வகுப்பில் ஓர் ஓட்டுத் துண்டை நினைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். வாரிக் லேனில் 1886இல் கிடைத்த ஓர் ஓட்டில், சுடுவதற்கு முன் யாரோ ஒரு தொழிலாளி கூட வேலை செய்தவனைப் பற்றிக் கீறி வைத்திருக்கிறான்: "ஒஸ்டாலிஸ் பதின்மூன்று நாளாக ஒவ்வொரு நாளும் தன்பாட்டில் திரிகிறான்." ஒஸ்டாலிஸ் எங்கே போனான் என்பதைப் பிள்ளைகள் எழுதட்டும். அதில் வருகிற சிறந்த கதைகளை ஆண்டு விழா மலரில் போடலாம், வாழ்த்துச் செய்திகளில் ஒன்றிரண்டைக் குறைத்தால் பக்கம் கிடைக்கும்.

பில்லிங்ஸ்கேட்டுக்கு இடங்கள் விரைவாக நிரம்பிவிடும். அதனால் அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே ஒரு திகதியைத் தீர்மானியுங்கள். வழி காட்டவும், முன்பதிவு செய்யவும், கடைசி வரிசையில் நின்று பிள்ளைகளை எண்ணவும் எங்கள் பாடசாலைப் பெற்றோரில் சிலர் தயாராக இருக்கிறோம். எந்தப் பாடசாலை கேட்டாலும் வருவோம்.

அன்புடன்,
லண்டன் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோரில் ஒருவர்